கீழே தாங்கிய கை

பாவாயிக்கு மரியாதை தெரியாது என்று எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் சொல்ல முடியாது. அது தெரிந்ததுதான் அவளுக்கு வினையாக வந்தது. பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் வலது கையை நீட்டி, அதற்கு அடியில் இடது கையைத் தாங்கலாக வைத்து, தலையைக் கொஞ்சம் குனிந்துதான் வாங்குவாள். வெற்றிலை பாக்கு ஆனாலும் அப்படித்தான், சம்பளக் கவர் ஆனாலும் அப்படித்தான். மேஸ்திரி திட்டினால் அதையும் இரண்டு கையால்தான் வாங்குவாள் என்று மில்லில் அவளைக் கேலி செய்வோம். அவள் சிரித்துக்கொண்டே நூலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகிற ரோட்டோரம் இருந்தது அந்த நூல் மில். அதில் ரீலிங் என்று ஒரு பகுதி, முழுக்கப் பெண்கள். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்ற வேண்டும், அறுந்தால் ஓட்டத்தோடு ஓட்டமாகப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். எல்லாம் விரல் நுனி வேலை. பாவாயி முடிச்சுப் போட்டால் எங்கே போட்டாள் என்று தேட வேண்டியிருக்கும். அவள் பக்கத்து மெஷினில்தான் நான் வேலை பார்த்தேன். அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தேன். அதனால் இதைச் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு.

அவள் புருஷன் மருதாசலத்துக்குக் கொஞ்சம் மேட்டுக்காட்டு நிலம் இருந்தது. கிணறு இருந்தது, கிணற்றில் தண்ணீர்தான் இல்லை. எழுபதுகளின் நடுவில் மழை இல்லாமல் போனபோது, காட்டை நம்பி உட்கார்ந்தால் அடுப்பு எரியாது என்று பாவாயிதான் மில்லுக்குக் கிளம்பினாள். குடும்பம் அவள் கையில்தான் ஓடியது. இதை வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, அந்த வலது கையில்தான் ஓடியது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலையில், மெஷினின் பல்சக்கரம் அந்தக் கையை இழுத்துக்கொண்டது. சக்கரத்தை மூடுகிற தகடு கழன்று கிடந்தது. மாட்டுகிறோம் மாட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மாட்டவில்லை. அறுந்த நூலை எடுக்கக் குனிந்தவளின் மணிக்கட்டு உள்ளே போய்விட்டது. அவள் போட்ட சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்க முயற்சியும் செய்யவில்லை, மறந்தால் யார் பேசுவது?

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள், மறுபடி பிரித்துத் தைத்தார்கள். கடைசியில் விரல் அஞ்சும் மிஞ்சியது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மாரியாத்தா காப்பாற்றிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விரல்கள் இருந்தன, அவ்வளவுதான். உள்ளே நரம்பு போய்விட்டது. கட்டைவிரல் கொஞ்சம் அசையும், மற்ற நாலும் பாதி மடங்கினபடி அப்படியே நிற்கும். சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஒரு நாள் அடுப்பிலிருந்த சட்டியில் கை பட்டு, கருகின வாடை வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

ஆனால் பாவாயி இதையெல்லாம் வெளியே சொல்வாளா? முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொள்வாள். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் "நல்லா இருக்கறனுங்க" என்பாள். ராசிபுரத்தில் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கூட்டிப் போனேன். பந்திக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்கிறாள். காலையிலும் சரியில்லை, மத்தியானமும் சரியில்லை. எனக்குச் சந்தேகம் வந்து, ஊருக்கு வந்ததும் அவள் சாப்பிடுகிற நேரம் பார்த்துச் சொல்லாமல் உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையால் களியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வட்டிலைத் தள்ளிவிட்டு, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். களவு செய்தவள்கூட அப்படிக் கூசமாட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளைத்தான் திட்டினேன், வேறு என்ன செய்வது?

வேலையில் அடிபட்டுக் கை போனால் ஆயுசுக்கும் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டில் விதி இருந்தது. அதற்காகத்தான் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள் என்று சொன்னவர் சென்னிமலையண்ணன். எங்கள் மில் சங்கத்தின் செயலாளர். கத்திப் பேசுவார், ஆனால் மனசு பஞ்சு. விரல் துண்டாகப் போயிருந்தால் இன்ன விரலுக்கு இவ்வளவு என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். விரல் இருந்தும் கை போனவர்களுக்குத்தான் சிக்கல். டாக்டர்கள் குழு ஒன்று பார்த்து, நூற்றில் எத்தனை பங்கு போயிற்று என்று எழுத வேண்டும். அவர்கள் எழுதுவதுதான் தலையெழுத்து.

அந்தக் குழுவிடம் நானும்தான் கூடப் போனேன். வெளியே வராந்தா நிறையக் கூட்டம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள், கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனவள், நான் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவதற்குள் வெளியே வந்துவிட்டாள். என்ன கேட்டார்கள் என்றேன். எப்படிம்மா இருக்கிறாய் என்று கேட்டார்களாம். என்ன சொன்னாய் என்றேன். என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், இவளுக்கு அழவே தெரியாது.

கொஞ்ச நாளில் அறிக்கை வந்தது. இங்கிலீஷில் இருந்ததை சென்னிமலையண்ணன் சங்க ஆபீசில் வைத்துத் தமிழில் சொன்னார். ஐந்து விரல்களும் உள்ளன. வலி இருப்பதாகச் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த காகிதத்தை வலது கையால் வாங்கி, பிடித்திருந்து, திருப்பிக் கொடுத்தார். பிடிமானம் திருப்திகரம். குறைபாடு சொற்பம், பழைய வேலைக்குத் தகுதியானவர். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

காகிதம் என்றதும் நாங்கள் எல்லோரும் பாவாயியைப் பார்த்தோம். அவள் தரையைப் பார்த்தாள்.

"நெசந்தானா பாவாயி? சோத்தாங்கையிலயா வாங்குன?" என்றார் சென்னிமலையண்ணன்.

"டாக்டரு குடுத்தாருங்கண்ணா. அத்தாம் பெரிய மனுசரு நீட்டறப்ப எடது கையிலயா வாங்கறது?"

அவர் அறிக்கையை மேசைமேல் போட்டார். வலது கை மேலே கிடந்திருக்கிறது, காகிதம் அதில் கிடந்திருக்கிறது. தாங்கிப் பிடித்தது முந்தானைக்குள் இருந்த இடது கை. டாக்டர் பார்த்தது மேலே இருந்ததை மட்டும்.

உதவித்தொகை இல்லை என்பதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மில்காரர்கள் அதே அறிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். தகுதியானவள் என்று டாக்டரே சொல்லிவிட்டார், வேலைக்கு வா, வராவிட்டால் பேர் எடுபடும் என்று ஆள் விட்டார்கள். போனாள். ஒரு முடிச்சுப் போட முடியவில்லை. நூல் அறுந்து அறுந்து தொங்க, மெஷின் பாதி நேரம் சும்மா நின்றது. என் மெஷினையும் பார்த்துக்கொண்டு அவளுடையதையும் ஓடிப் போய்ப் பார்த்தேன், எத்தனை நாளைக்கு? மேஸ்திரி கண்டுபிடித்து, வேலை தெரியாதவள் என்று எழுதித் துரத்தினார். கை நன்றாக இருக்கிறது என்பதால் உதவித்தொகை இல்லை, கை ஆகாது என்பதால் வேலையும் இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இனி கோர்ட்டுதான் வழி என்றார் சென்னிமலையண்ணன். காப்பீட்டு வழக்குகளைக் கேட்கிற கோர்ட்டில் அந்த அறிக்கை தப்பு என்று மனுப் போட வேண்டும். மருதாசலம் பயந்தான். பெரிய படிப்புப் படித்தவர்களைப் பொய் என்று சொல்லிவிட்டு, நாளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த டாக்டரிடம் போவது என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாவாயியோ, அவர்கள் பொய் சொல்லவில்லை, நான் வாங்கியது நிஜந்தான், நிஜத்தை எப்படி இல்லை என்று சொல்வது என்றாள். அப்படியும் மனு போட்டாயிற்று.

எங்கள் வக்கீல் வீடு சேலத்தில், அஸ்தம்பட்டியில். நல்ல மனுஷர், காசுக்காக இழுக்கிறவர் இல்லை. கையைப் புரட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். வேறொரு டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வைத்தார். ஆனால் மூன்று பேர் எழுதினதுக்கு முன்னால் ஒருத்தர் எழுதினது நிற்பது கஷ்டம் என்று ஒளிக்காமல் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டிலும் அவளிடம் எதையாவது நீட்டிப் பார்ப்பார், ஜாக்கிரதை என்றார். "வலது கை மறுபடி ஒரு தடவை மேல வந்துதுன்னா கேஸ் அதோட முடிஞ்சுதும்மா."

அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குக் கிலி. கேஸ் முழுக்க அவள் கையில் என்று ஆகிவிட்டது, அந்தக் கையோ அவள் சொல் கேட்காது. நான் வீட்டில் பழக்க ஆரம்பித்தேன். பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று காப்பித் தம்ளரை நீட்டுவேன். வலது கை வரும், கீழே இடது கை வரும். திட்டுவேன். வெற்றிலையை நீட்டுவேன், பூவை நீட்டுவேன். அதே கதை. எனக்கே இப்படி என்றால் ஜட்ஜ் முன்னால் எப்படி இருக்கும்? சின்னப் பிள்ளையில் இடது கையை நீட்டினதற்கு அவள் ஆத்தா அகப்பையால் போட்ட அடி அப்படி. இப்போது அடித்த ஆத்தாவும் இல்லை, அடி மட்டும் இருந்தது.

பாவாயி இளைத்துப்போனாள். கனவிலும் யாரோ எதையோ நீட்டுகிறார்களாம். வாய்தா வாய்தாவாக வழக்கு தள்ளிப் போனது. தோற்றால் மருதாசலம் காட்டை விற்றுவிடுவான், பிறகு யார் காட்டிலோ கூலிக்குக் களை எடுக்க வேண்டும், அதையும் ஒரு கையால் எடுக்க முடியாது.

விசாரணைக்கு எடுத்த அன்று காலையில், புடவைத் தலைப்பால் வலது கையை இடுப்போடு சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அது மேலே வந்துவிடும் என்று பயம். மருதாசலம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். இப்படிப் போனால் நாடகம் என்பார்கள் என்று நான்தான் அவிழ்த்துவிட்டேன். தோலில் தடம் பதிந்திருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்க வந்து நிறுத்திக்கொண்டேன்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். சத்தமே போடவில்லை. அறிக்கையில் அந்த வரியைப் படித்துவிட்டு, டாக்டர் கொடுத்ததை வலது கையால் வாங்கினீர்களா என்று தன்மையாகக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிடு பாவாயி என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"வாங்குனனுங்க" என்றாள் பாவாயி.

வக்கீலுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். தன் மேசையிலிருந்து தடியான ஒரு சட்டப் புத்தகத்தை எடுத்து, கூண்டுக்குப் பக்கத்தில் போய், இதை வாங்குங்கள் அம்மா என்று நீட்டினார்.

எத்தனை தம்ளர், எத்தனை வெற்றிலை நீட்டிப் பழக்கினேன்! வலது கை மேலே வந்தது. தலை குனிந்தது. புத்தகம் அந்தக் கையில் உட்கார்ந்தது. வக்கீல் ஜட்ஜைப் பார்த்துத் திரும்பி, வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்பதுபோல் நின்றார். மருதாசலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு அவளை ஓடிப் போய் அறைய வேண்டும்போல இருந்தது.

ஜட்ஜ் வயசானவர். அதுவரை எழுதிக்கொண்டே இருந்தவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளையே பார்த்தார். கீழே இன்னொரு கை இருக்கிறதே என்றார். அதை எடுங்கள் அம்மா என்றார்.

பாவாயி எடுக்கவில்லை.

"எடுத்தா உழுந்துருமுங்க."

"விழட்டும்."

"பொஸ்தகமுங்க சாமி. சரஸ்பதி. கீழ போடக் கூடாதுங்க."

அவள் நெற்றியில் வேர்த்து வடிந்தது. கீழே இருந்த இடது கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காடு, வீடு, இனி வரும் காலமெல்லாம் அந்தக் கையை எடுப்பதில் இருக்கிறது, இவள் சரஸ்வதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போட்டுத் தொலையேன்டி என்று என் வாய்வரை வந்துவிட்டது. நம் வக்கீல் எழுந்திருக்கப் பார்த்தார், ஜட்ஜ் கையமர்த்தினார்.

"பாவம் வந்தா என்னைச் சேரட்டும். நான்தானே சொல்றேன். எடுங்கம்மா."

பாவாயி கண்ணை மூடிக்கொண்டு இடது கையை எடுத்தாள். வலது கை அப்படியே தொய்ந்தது. விரல்களில் ஒன்றுகூட இறுகவில்லை. புத்தகம் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போய், பெரிய சத்தத்தோடு தரையில் விழுந்தது. அவள் பதறிக் குனிந்து, இடது கையால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் எந்தக் கை என்று உறைத்தது. மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க என்று அழுதாள். அடிபட்ட நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் நாலு பேர் முன்னால் அழுது பார்த்தேன், அதுவும் புத்தகத்துக்காக. எதிர்த்தரப்பு வக்கீல் வந்து அதை அவளிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் அன்று மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஜட்ஜ் மட்டும், எந்தக் கையால் சாப்பிடுகிறீர்கள் அம்மா என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு எடது கையிலதானுங்க என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஜட்ஜ் அதையும் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு அப்புறமும் ஒரு மாசம் இழுத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று அந்த மாசமும் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். சொன்ன தேதியில் நானும் பாவாயியும் மட்டும் சேலம் போனோம், மருதாசலத்துக்கு வரத் தைரியம் இல்லை. டாக்டர்கள் அறிக்கை செல்லாது என்று தள்ளியிருந்தார் ஜட்ஜ். உதவித்தொகையை ஆயுசுக்கும் கொடுக்கச் சொல்லியிருந்தார். வக்கீல் ஒரு வரியைத் தமிழில் சொன்னார்: இந்தப் பெண்ணுக்கு வலது கை இல்லை என்றே கொள்ள வேண்டும்.

நான் வக்கீலைக் கும்பிட்டேன், கோர்ட்டுச் சுவரைக்கூடக் கும்பிட்டேன். பாவாயி சும்மா நின்றாள். சந்தோஷமாக இல்லையா என்று கேட்டேன். இருக்குதுங்கக்கா என்றாள். முந்தானையை விலக்கி, அந்தக் கையைப் புதுசாகப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள். அப்புறம் மூடவில்லை.

திருச்செங்கோடு பஸ் அப்போதுதான் ஸ்டாண்டில் வந்து நின்றது. முதல் ஆளாக ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தோம். கண்டக்டர் விசிலை மாட்டிக்கொண்டு, முதல் டிக்கெட்டுக்கு எங்களிடம்தான் வந்தார். நான் மடியைத் துழாவுவதற்குள் பாவாயி காசை எடுத்து நீட்டிவிட்டாள். இடது கை. வலது கை மடியில் கிடந்தது, மேலே வரவில்லை.

கண்டக்டர் காசை வாங்கவில்லை.

"போணி டிக்கெட்டும்மா. பீச்சாங்கையில நீட்டறீங்களே. சோத்தாங்கை என்னாச்சு?"

"சோத்தாங்கை இல்லீங்க" என்றாள் பாவாயி. "கோர்ட்டுலயே சொல்லிப்போட்டாங்க."

அவர் அவள் மடியைப் பார்த்தார். அங்கே அஞ்சு விரலோடும் ஒரு கை கிடந்தது. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். காசை வாங்கிக்கொண்டு, டிக்கெட்டைக் கிழித்து, அவள் இடது கையிலேயே வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.